யன்னலில் நின்ற சுழியோடி

எங்கள் பழைய பார்க்டேல் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு கேள்வி வந்தது. "உங்கட வீட்டு யன்னலில சுழியோடிப் பொம்பிளை ஒருத்தியின்ர படம் ரோட்டைப் பாத்தபடி நிண்டதல்லோ, அதை உன்ர அப்பா எங்க வாங்கினவர்?" அதற்குக் கீழே ஆளுக்கொரு கதை எழுதத் தொடங்கிவிட்டீர்கள். ஒருத்தி அது சினிமாப் போஸ்டர் என்றாள். இன்னொருவர், இப்போது பல் வைத்தியர், அது ரின்னில் அடைத்த மீனுக்கான விளம்பரம் என்று அடித்துச் சொன்னார். அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை வேறு உயர்த்திவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்கு மறதி. எனக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் அந்தப் பனிக்காலம் மட்டும் என் தலைக்குள் பழுதில்லாமல் இருக்கிறது. ரின் மீன் கதையை ஒழித்துவிட்டுத்தான் இன்றைக்கு எழும்புவேன்.

ஜேம்சன் தெருவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை. ஹீற்றர் குழாய் சூடாகும்போது பழைய பெயின்றும் ஈரக் கம்பளிக் கோட்டும் சேர்ந்து ஒரு வாசம் வரும். அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா, நான், தம்பி. நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ரீவி வாங்குவோமா? கேஸ் முடியட்டும். தம்பிக்குப் பெரிய சப்பாத்து? கேஸ் முடியட்டும். உங்கள் வீடுகளிலும் இதே பாட்டுத்தானே.

எங்களுக்கு முன் அந்த வீட்டில் ஒரு அமெரிக்கக் கிழவர் தனியாக இருந்து இறந்துபோயிருந்தார். அவருடைய தட்டுமுட்டுகளைக் கட்டடக் காவலாளி அள்ளி எறிந்துவிட்டார். அலுமாரியின் மேல்தட்டில் ஆழத்தில் கிடந்த ஒரு கட்டு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. தடித்த வெள்ளை மட்டைகள். ஒவ்வொன்றும் தம்பியின் நெஞ்சு உயரம் இருக்கும். அவற்றில் கறுப்பு மையால் படக்கதை கீறியிருந்தது. மோந்து பார்த்தால் சிகரெட்டும் மையும் மணந்தன. பிழைவிட்ட இடங்களில் பூசிய வெள்ளை, காய்ந்த பற்பசை மாதிரி விரலில் தட்டுப்பட்டது.

கதாநாயகி ஒரு சுழியோடி. பெரிய செம்புத் தொப்பி போட்டுக்கொண்டு கடலடியில் அறுந்துபோன தந்திக் கம்பிகளைத் தேடிப் பொருத்துகிறவள். கட்டில் இருந்தவை கதையின் நடுப் பக்கங்கள் மட்டும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எனக்கு ஆங்கிலம் அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்க்க ஆங்கிலம் எதற்கு? ஒரு பக்கத்தில் கட்டங்களே இல்லை. மேலிருந்து கீழ்வரை முழுக்க இருட்டுத் தண்ணீர், அதற்குள் அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றில் அவளுடைய கை சட்டத்தைத் தாண்டி வெள்ளைக் கரைக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து மெல்லிய தாளை மேலே வைத்து அந்தக் கோடுகளைக் கீறிக் கீறிப் பார்ப்பேன். எனக்கு அந்தச் சாய்வு வரவே இல்லை.

பிறகு குளிர் வந்தது. ஏரியிலிருந்து வரும் காற்று முன்னறை யன்னல் இடுக்குகளால் நேரே உள்ளே வந்தது. அம்மாவுக்கு வேறு கவலை. கிழக்குப் பார்த்து நின்றுதான் கும்பிட வேண்டும் என்பார். எங்கள் கிழக்குச் சுவரில் இருந்ததோ அந்த யன்னல்தான். அப்பா இரண்டு பிரச்சினைக்கும் ஒரே தீர்வு கண்டுபிடித்தார். பழைய கலண்டர்களில் இருந்த பிள்ளையாரையும் இலட்சுமியையும் முருகனையும் வெட்டி, அம்மா காய்ச்சிய கோதுமை மாப் பசையால் மட்டைகளின் பின்பக்கத்தில் ஒட்டினார். மட்டைகளை யன்னலில் இறுக்கினார். சாமிகள் வீட்டுக்குள்ளே பார்த்தார்கள், சுழியோடி ஜேம்சன் தெருவைப் பார்த்தாள். நீங்கள் எல்லாரும் கண்டது அதைத்தான்.

அந்தப் படங்களுக்கு முன்னால் அம்மா நேர்த்தி வைத்தார். கேஸ் முடியுமட்டும் ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு, அதுவரைக்கும் படங்களை அசைப்பதில்லை. சந்தனமும் குங்குமமும் ஏறி, அந்த யன்னல் எங்கள் கோயிலாகவே ஆகிவிட்டது.

தை மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது நடைபாதையில் ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர், ஆண்பிள்ளைக் கோட்டு, தோளில் பெரிய தோல் பை. உருகிய பனிச்சேற்றில் நின்று எங்கள் யன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கையால் பொத்தியிருந்தார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாள் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார்.

அம்மா சங்கிலியைப் போட்டபடி இடுக்கால் பார்த்தார். வந்தவர் முன்பு இங்கே யார் இருந்தது, காகிதக் கட்டு ஏதும் கிடைத்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். காகிதம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நோ. ஹஸ்பண்ட் வேர்க்" என்று கதவைச் சாத்தினார்.

பின்னேரம் கீழ்வீட்டு அங்கிள் வரவழைக்கப்பட்டார். அவரை நினைவிருக்கும். எங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் வந்தவர் என்ற ஒரே தகுதியில் கட்டடத்துக்கே கேஸ் நிபுணர். யாருக்கு விசாரணை வந்தாலும் என்ன சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று பாடமாக்க வைப்பவர்.

"உவை இப்பிடித்தான் வருவினம்," என்றார். "கோட்டு, பை, சிரிச்ச முகம். இமிக்கிறேசன் ஆள்தான். ஒண்டும் கதைக்காதையுங்கோ. எத்தினை பேர் இருக்கினம், என்ன கடதாசி வைச்சிருக்கினம் எண்டு பாக்கத்தான் உவ வாறா."

அப்பா எழும்பிப் போய்க் கதவுச் சங்கிலியைச் சரிபார்த்தார். "பிள்ளை, நீ உவவோட ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது," என்றார்.

ஆனால் அந்தப் பெண்மணி விடவில்லை. பிறகும் வந்தார். தட்டினார், பதில் இல்லை, கீழே போய் வாசல் கூடத்துக் கதிரையில் இருந்தார். பெரியவர்கள் பின் வாசலால் போய்வரத் தொடங்கினார்கள். நீங்கள் சிலர் அவர் பக்கத்தில் குந்தியிருந்து படம் கீறுவித்து வாங்கினீர்கள், ஞாபகமா? பூனை, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார், காவலாளியின் மூக்கு. "படக்கார அன்ரி" என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். இமிக்கிறேசன் ஆள் எதற்குப் பூனை கீறிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. பயந்திருந்தார்கள், பாவம். இப்போது எனக்கு அது விளங்குகிறது. அப்போது கோபம்தான் வந்தது.

ஒருநாள் அவர் கதவைத் தட்டவில்லை. கதவின் கீழால் ஒரு தாள் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பென்சிலால் கீறிய சுழியோடி. தொப்பியை யாரும் தெருவில் நின்று பார்த்துக் கீறலாம். ஆனால் தண்ணீர்? இடப்பக்கம் சாய்ந்த அதே கோடுகள், நான் மாதக்கணக்காக முயன்றும் வராத அந்தச் சாய்வு. தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, இமிக்கிறேசன் இல்லை," என்றேன். "உந்த மட்டையளைக் கீறினது உவதான்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"தண்ணியைப் பாருங்கோ."

அம்மா தண்ணீரைப் பார்த்தாரோ என் முகத்தைப் பார்த்தாரோ தெரியாது. சங்கிலியைக் கழற்றினார். (அந்தத் தாள் ஸ்காபரோவுக்கு வீடு மாறியபோது எங்கோ தொலைந்தது. இன்றைக்கும் எனக்கு அது வயிற்றெரிச்சல்தான்.)

வந்தவர் வாசலில் எங்கள் சப்பாத்துகளைக் கண்டுவிட்டுத் தானும் கழற்றினார். காலுறையில் ஓட்டை. யன்னலுக்கு நேரே போனவர், விளக்கையும் சாமிகளையும் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தொடவில்லை. இவர்கள் யார் என்று கேட்டார். பிறகு அம்மா போட்ட தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னார்.

நியூயோர்க்கில் ஒரு படக்கதைப் பட்டறை. மற்றவர்கள் கீறிய படங்களில் கறுப்பை நிரப்பவும் கோப்பி ஊற்றிக் கொடுக்கவும் சின்ன வயதில் சேர்ந்தவர். உலக யுத்தத்துக்கு ஆண்கள் போனபின் பக்கங்கள் அவர் கைக்கு வந்தன. பெண்கள் கீறினால் காதலும் சட்டையும்தான் என்றிருந்த காலம். அவர் கடலைக் கீறினார், கட்டங்களை உடைத்தார். புத்தகம் புத்தகமாக அந்தச் சுழியோடி விற்றாள். ஆனால் அட்டையில் போனது பட்டறை முதலாளியின் பெயர். யுத்தம் முடிந்து ஆண்கள் வந்தார்கள், இவரைச் சப்பாத்து விளம்பரம் கீற அனுப்பிவிட்டார்கள். பின்னால் வந்த இளம் ஓவியர்கள் அந்தக் கடலைப் பார்த்துத்தான் படித்தார்கள், முதலாளியைத்தான் குரு என்று கும்பிட்டார்கள். இப்போது, அதை அந்நாளில் அச்சிட்ட கம்பனி மறுபடி புத்தகமாகப் போடப் போகிறது, முதலாளியின் பெயரிலேயே. இவர் வழக்குப் போட்டிருக்கிறார்.

ஆதாரம்? அச்சானதும் மூலப் பக்கங்களைக் குப்பையில் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். பேச்சுக் குமிழ்களுக்குள் எழுத்து எழுதுகிறவர் மட்டும் மனம் கேட்காமல் ஒரு கட்டைக் காப்பாற்றி எடுத்துவந்தார். அவர்தான் எங்கள் வீட்டில் இறந்துபோன கிழவர்; அவருடைய விலாசத்தைத் தேடித்தான் இவர் ஜேம்சன் தெருவுக்கு வந்திருந்தார். பக்கம் முடிந்ததும் பின்பக்கத்தில் கையெழுத்து வைப்பது இவருடைய பழக்கம். பக்கம் வந்துசேர்ந்ததற்குக் கம்பனி அதன் மேலேயே முத்திரை குத்தும். முன்பக்கத்தை யார் கீறியது என்று யாரும் வாதாடலாம். பின்பக்கம் பேசினால் வாதாட இடமில்லை.

பின்பக்கத்தில்தான் பிள்ளையார் இருந்தார்.

நான் ஒவ்வொரு வசனமாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த தமிழில் முடித்தேன். "அம்மா, அவவுக்கும் கேஸ் இருக்காம்."

அம்மா நிமிர்ந்தார். "எப்பவாம்?"

"அடுத்த கிழமையாம். எங்கட கேஸுக்கு முதல்."

"அவவிட்டை வேற ஒண்டும் இல்லையாமோ?"

கேட்டேன். இல்லை. தான் சாமியைத் தொடமாட்டேன், நீங்கள் முடிவு சொல்லுமட்டும் கீழே இருப்பேன் என்றார். கெஞ்சவில்லை. ஆனால் போகவும் மாட்டார் என்பது அவர் இருந்த விதத்தில் தெரிந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்த சண்டை உங்களுக்கும் கேட்டிருக்கும், சுவர் அவ்வளவு மெல்லிசு. "உமக்கென்ன விசரோ?" என்றார் அப்பா. "விளக்கு வைச்ச சாமியைக் கேஸுக்கு முதல் உரிக்கிறதோ? அவ அமெரிக்காக்காரி, தோத்தாலும் போய் இருக்க நாடு இருக்கு. எங்களுக்கு எங்க இருக்கு?"

"இஞ்சருங்கோ, சாமியைக் கழட்டினால் பாவம் எண்டுறியள்," என்றார் அம்மா. "ஒருத்தியின்ர பேரை மூடிவைச்சுக்கொண்டு அதுக்கு முன்னால நிண்டு நான் எப்பிடிக் கும்பிடுறது? என்ன கேக்கிறது?"

கீழ்வீட்டு அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை," என்றார் அம்மா. அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா தோய்ந்து, ஈரத் தலையோடு யன்னலுக்கு முன்னால் இருந்தார். ஒரு பழைய வேட்டித் துண்டு, ஒரு பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர். வேறு ஒருவரையும் தொட விடவில்லை. மூலையை நனைத்து, பசை இளகப் பொறுத்திருந்து, நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பினார். படக்கார அன்ரி எட்டி நின்று பார்த்தார். மை அழியாது, தண்ணீர் பரவாயில்லை, ஆனால் முத்திரை எப்படியோ தெரியாது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். பிள்ளையார் முழுதாக வந்தார். இலட்சுமியும் வந்தார். முருகன் மட்டும் வேல் பிடித்த கையோடு கிழிந்துவிட்டார்.

அம்மாவின் கை நின்றது. "முருகனுக்கு என்ர நிலைமை விளங்கும்," என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடி நனைத்தார்.

கீழே ஊதா நிறத்தில் முத்திரை. அதன் அடியில் சாய்ந்த கையெழுத்து, முழுப் பெயரோடு. பக்கத்தில் ஒரு வரி வேறு. நான் வாசித்துச் சொன்னேன்: "இண்டைக்கு முழுக்க மழையாம். தண்ணி கீறி முடிச்சாவாம்." படக்கார அன்ரி சுவரோடு சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை. அடுத்த மட்டையை எடுத்தார்.

மட்டைகளை எங்கள் போர்வை ஒன்றில் சுற்றிக் கொடுத்தோம். உரித்த சாமிப் படங்களைக் குப்பையில் போட முடியுமா? தெரு முடிவில் ஏரிக்குப் போய், ஐஸ் இல்லாத இடம் தேடி விட்டோம். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் படக்கார அன்ரியும் போர்வைக் கட்டோடு கூடவே வந்து காற்றில் நின்றார். அன்றிரவு வீடு குளிரில் விறைத்தது. அம்மா வெறும் யன்னலுக்கு முன்னால் விளக்கு வைத்தார்.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி. எங்கள் கேஸ் முதல் தடவை தோற்றது.

அப்பா அம்மாவைத் திட்டவில்லை. அதைவிட மோசம், ஒரே வசனத்தை வருடக்கணக்காகச் சொன்னார். தம்பி கை முறித்தாலும், வேலை போனாலும், "அண்டைக்கு யன்னலில கை வைச்சது." அம்மா ஒருபோதும் பதில் சொன்னதில்லை, அழுததுமில்லை. அடுத்த வக்கீலைத் தேடினார். அந்த வக்கீல்தான் உண்மையைச் சொன்னார். அங்கிள் பாடமாக்க வைத்த கதையும் அப்பா முதலில் எழுதிக் கொடுத்த கதையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதனால்தான் தோல்வி. அப்பா தன் சொந்தக் கதையைத் தன் வாயால் சொன்னபோது கேஸ் சரிவந்தது. அங்கிள் கெட்ட மனிதர் இல்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனாலும் என் அம்மா சுமந்த பழிக்கு நான் அவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அப்பா காலமான பிறகும் உறவுக்காரர் வாயில் அந்த யன்னல் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதே அதற்காகத்தான்.

படக்கார அன்ரியிடமிருந்து டிசம்பரில் ஒரு நத்தார் வாழ்த்து அட்டை வந்தது. வழக்கு நடக்கிறது, விடமாட்டேன் என்று எழுதியிருந்தார். பிறகு நாங்கள் வீடு மாறினோம், தொடர்பு அறுந்தது. அவர் இறந்த செய்தியே மிகப் பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது.

இந்த வசந்தத்தில் ஸ்காபரோ நூலகத்தில் புதிய வரவுத் தட்டில் ஒரு தடித்த புத்தகம் நின்றது. அட்டையில் செம்புத் தொப்பி. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், அவருடைய பெயர். வேறு ஒருவருடைய பெயரும் இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னுரையில் வழக்கு வென்றதையும், அந்தக் கடலைப் பார்த்துப் படித்தவர்கள் இன்று எத்தனை பேர் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். மூலப் பக்கங்களை இரண்டு பக்கமும் அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கங்களில் மங்கலான கறை இருக்கிறது, தேநீர்க் கறையாக இருக்கலாம் என்று ஒரு அடிக்குறிப்பு. தேநீராம்! அது என் அம்மா காய்ச்சிய கோதுமை மாப் பசை என்று பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். திருத்துமட்டும் எழுதுவேன்.

புத்தகத்தை இரவல் எடுத்துக்கொண்டு ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறார். குசினி மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு, "அவவின்ர பேர் எது?" என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் அண்டைக்குச் செய்தது சரி எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியப்போகுது," என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "ஒருத்தி கேஸுக்குப் போறா, அவவின்ர கடதாசி என்ர வீட்டில கிடக்குது. குடுக்காமல் விடுறதோ? நாங்கள் தோத்திருந்தாலும் குடுத்திருப்பன். தோத்துத்தானே பாத்தம்."

பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நான் பின்பக்கத்தைத்தான் உரிச்சனான். உவ என்ன கதை கீறினவ எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. முதலிலயிருந்து வாசி."

எனக்கும் தொடக்கம் தெரியாது. முதல் பக்கத்தைத் திறந்தேன். புயல், ஒரு கப்பல், தளத்தில் ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கப்டன் கையை நீட்டி மறிக்கிறான். நான் தமிழில் சொன்னேன்: "இந்தக் கடலுக்குள்ள ஒரு பொம்பிளை இறங்கேலாது எண்டு சொல்லுறான் அம்மா."

"அவள் இறங்குவாள்," என்றார் அம்மா. "நீ வாசி."